சோப்புச்செடி: நுரை வராதது முதல் குளத்து மீன் சாவது வரை

ஐரோப்பியத் தோட்டங்களில் சோப்வார்ட் என்றும், தாவரவியலில் சபோனேரியா அஃபிசினாலிஸ் என்றும் வழங்கப்படும் செடியை இங்குச் சோப்புச்செடி என்றே குறிப்பிடுகிறேன். ‘வார்ட்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் ‘பூண்டு’தான், ஆனால் சோப்புப் பூண்டு என்று எழுதினால் படிப்பவர் நினைவு சமையலறைக்குப் போய்விடும். கார்னேஷன் பூவின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி இடுப்பளவு உயரம் வரை வளர்ந்து, ஜூலை முதல் செப்டம்பர் வரை வெளிர் இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். கம்பளி நெசவு நடந்த ஊர்களில், நெய்த துணியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்க இதன் சாற்றைப் பயன்படுத்தினார்கள். அதனால் இங்கிலாந்தில் பழைய துணி ஆலைகள் இருந்த ஓடைக்கரைகளில் இன்றும் இது தானாக முளைத்துக் கிடப்பதைக் காணலாம். பூந்திக்கொட்டை, சீயக்காய், அரப்பு ஆகியவற்றில் நுரை தருகிற சபோனின் என்னும் பொருளுக்கு, அந்தப் பெயரே இந்தச் செடியிலிருந்துதான் வந்தது.

தென்னிங்கிலாந்தில் சுண்ணாம்பு மண்ணுள்ள ஒரு சிறு தோட்டத்தில் பல ஆண்டுகளாக இதை வளர்த்து, வேரைக் காய்ச்சித் துணி துவைத்து, அதற்கிடையில் செய்யக்கூடிய பிழைகளில் பெரும்பாலானவற்றைச் செய்தும் பார்த்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை முதலில் வைத்து, அதற்கான காரணத்தையும் திருத்தும் வழியையும் கீழே எழுதியிருக்கிறேன். செடியைவிடச் சாற்றில்தான் சிக்கல்கள் அதிகம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

இலையைக் கசக்கினால் வழவழப்பே வரவில்லை

கசாயம் வைப்பதற்கு முன்னால் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். நடுத்தண்டிலிருந்து முற்றிய இலைகள் நான்கைந்தைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து, சில சொட்டு நீர் விட்டு இரு கைகளாலும் அழுத்தித் தேய்க்க வேண்டும். முதல் பத்து விநாடிக்கு வெறும் இலைச்சாறு போலத்தான் இருக்கும். பிறகு விரல்களுக்கு நடுவே ஒரு வழுக்கல் தோன்றி, பச்சை நிறம் ஓடிய சிறு நுரை மணிக்கட்டு வரை இறங்கும். அரை நிமிடம் தேய்த்தும் அந்த வழுக்கல் வராவிட்டால், உங்களிடம் இருப்பது சோப்புச்செடியாக இருக்க வாய்ப்புக் குறைவு.

பெரும்பாலும் இடம் மாறி வந்து நிற்பது ஃபிளாக்ஸ் என்னும் பூச்செடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே நிறம், ஐந்து இதழ்கள், எதிரெதிர் இலைகள் என்று இருப்பதால் பூக்காத பருவத்தில் ஏமாறுவது எளிது. சோப்புச்செடியின் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அடியிலிருந்து நுனி நோக்கி மூன்று நரம்புகள் ஏறக்குறைய இணையாக ஓடுவது தெரியும். தண்டில் இலை ஒட்டுமிடம் கணு போலப் புடைத்திருக்கும். பூத்துவிட்டால் ஐயமே இல்லை: சோப்புச்செடியின் இதழ்கள் தனித்தனியாகக் கழன்று வரும், ஃபிளாக்ஸின் இதழ்கள் அடியில் ஒரே குழாயாக ஒட்டியிருக்கும்.

இன்னொரு குழப்பம் பெயரால் வருவது. பாறையிடுக்குகளில் படர்வதற்காக விற்கப்படும் சபோனேரியா ஆசிமாய்டெஸ் இதே இனத்துச் சிறு செடிதான். அழகுக்கு நல்லது, துவைப்பதற்கான வேர் அதில் தேறாது. கலிஃபோர்னியாவில் ‘சோப் பிளாண்ட்’ என்று சொல்லப்படுவதோ முற்றிலும் வேறொரு கிழங்குச் செடி. ஆகவே விதையோ நாற்றோ வாங்கும்போது பொதுப்பெயரை நம்பாமல், சீட்டில் தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

செடி சரியானதுதான், ஆனால் கசாயத்தில் நுரை வரவில்லை

இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. நான் பார்த்த வரையில் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

முதலாவது, வேரின் வயது. நட்ட முதல் ஆண்டில் வேர் நூல்நூலாகத்தான் இருக்கும். அதைத் தோண்டிக் காய்ச்சினால் மண்வாசனையுள்ள வெந்நீர் கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில், மேலேயுள்ள தண்டுகள் பழுத்துச் சாயத் தொடங்கும்போது, சுண்டுவிரல் பருமனுள்ள செம்பழுப்பு வேர்களைத் தேர்ந்து எடுக்க வேண்டும். கோடையிலேயே தேவைப்பட்டால் வேரைத் தொடாமல், பூப்பதற்குச் சற்று முந்தைய பருவத்து இலையையும் தண்டையும் நிறையச் சேர்த்துக் காய்ச்சலாம். அது வலுக் குறைந்த சாறுதான், என்றாலும் மெல்லிய துணிக்குப் போதும்.

இரண்டாவது, அளவும் வெட்டும். உலர்ந்த வேர் விறகு போல இறுகிவிடும் என்பதால், காய்வதற்கு முன்பே சிறு துண்டுகளாக நறுக்கிவிட வேண்டும். முழு வேரைக் காயவைத்துவிட்டுப் பிறகு அரிவாள்மனையோடு போராடிய ஒரு மாலைப்பொழுது எனக்கு உண்டு. முக்கால் லிட்டர் நீருக்கு இருபது கிராம் உலர்ந்த துண்டுகள் என்பது நான் கைக்கொள்ளும் அளவு. இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டாமல் அதனுடனேயே அடுப்பிலேற்றி, மூடியிட்டுச் சிறுதீயில் இருபது நிமிடம் வைத்து, அடுப்பிலேயே ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். ஊறவைக்காமல் நேரே கொதிக்கவிட்டால் துண்டின் நடுப்பகுதிக்கு நீர் போய்ச் சேர்வதில்லை. பச்சைத் தண்டும் இலையுமானால், நறுக்கியது இரண்டு கைப்பிடிக்குக் குறையாமல் வேண்டும்.

மூன்றாவது, தீ. ரசம் போல நுரைகட்டும் பதத்தில் இறக்கிவிட வேண்டிய இதைச் சிலர் சூரணக் கசாயம் போல எட்டில் ஒன்றாகச் சுண்டவைக்கிறார்கள். இன்னும் சிலர் தலைமுடிக்கு நல்லதென்று எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ அடுப்பிலிருக்கும்போதே ஊற்றிவிடுகிறார்கள். சபோனின் மூலக்கூறின் ஒரு முனை கொழுப்போடு ஒட்டும், மறுமுனையிலுள்ள சர்க்கரைத் தொடர் நீரோடு ஒட்டும். நுரைப்பதும் அழுக்கை எடுப்பதும் இந்த இரட்டை இயல்பால்தான். புளிப்புடன் நெடுநேரம் கொதித்தால் அந்தச் சர்க்கரைப் பகுதி கழன்றுபோகும், நுரையும் போய்விடும். எலுமிச்சை சேர்க்க விரும்புகிறவர்கள் சாறு ஆறிய பிறகு, பயன்படுத்தும் நேரத்தில் சேர்ப்பது சரி.

நான்காவது காரணம் உண்மையில் பிழையே அல்ல. கடையில் வாங்கும் ஷாம்பூ போலத் தானாகப் பொங்கும் என்று எதிர்பார்த்துச் சாற்றை வெறுமனே கலக்கிப் பார்த்துவிட்டு ஏமாறுகிறோம். ஒரு குறுகிய பாத்திரத்தில் பாதி அளவு சாற்றை ஊற்றி, தயிர் கடையும் மத்தால் ஒரு நிமிடம் கடைந்து பாருங்கள். பால்வெள்ளையாக, சிறுமணி நுரை விளிம்பு வரை ஏறி, சில நிமிடங்கள் அப்படியே நிற்கும். இந்த நுரைக்கும் அழுக்கு போவதற்கும் நாம் நினைக்கும் அளவு தொடர்பில்லை. நுரை அடங்கிய சாறும் துணியின் பிசுக்கை எடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

இங்கே பலரும் தண்ணீரைக் குறை சொல்வார்கள். சுண்ணாம்பு மிகுந்த கடின நீரில் சாதாரண சோப்பு திரிந்து வெள்ளைப் படிவாவது உண்மை. சோப்பிலுள்ள கொழுப்பமிலம் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுவதே அதற்குக் காரணம். சபோனினில் அந்தக் கொழுப்பமிலமே இல்லாததால் அப்படிப் படிவதில்லை. எங்கள் பகுதிக் குழாய்நீர் கெண்டியின் அடியில் மாதம் ஒரு வெள்ளைத் தோல் உரிக்கும் அளவுக்குக் கடினமானது. அதிலும் சாறு நுரைக்கத்தான் செய்கிறது. மழைநீர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம்.

சாறு கட்டியாகி சோப்பாகவில்லை

ஆகாது. சோப்பு என்பது எண்ணெயும் காரமும் வினைபுரிந்து உண்டாகும் உப்பு. இந்தச் செடியின் சாறு அந்த வினையே நடக்காமல் அழுக்கை எடுக்கும் வேறொரு பொருள். பெயரில் சோப்பு இருப்பதால், அச்சில் ஊற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். கட்டி சோப்பு செய்கிறவர்கள், காரத்தைக் கரைக்கும் நீருக்குப் பதிலாக இச்சாற்றைச் சேர்ப்பதுண்டு. அப்போதும் அந்தக் கட்டியைக் கட்டியாக்குவது எண்ணெயும் காரமும்தான், செடி அதில் விருந்தாளி மட்டுமே.

இரண்டே நாளில் நாற்றமடிக்கிறது

சாற்றில் சர்க்கரையும் மாவுப்பொருளும் கலந்திருப்பதால், சோறு வடித்த கஞ்சி எவ்வளவு நாள் தாங்குமோ அவ்வளவு நாள்தான் இதுவும் வெளியில் தாங்கும். குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரை வரும். ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது நான்கு கட்டிகளைக் கரைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த வழி. மேலே பஞ்சு போலப் பூஞ்சை கண்டால், வடிகட்டிப் பயன்படுத்த முயலாமல் மண்ணில் கொட்டிவிட வேண்டும்.

துவைத்த துணி பழுப்பேறியது, சுருங்கியது, கறை போகவில்லை

மூன்றும் வெவ்வேறு சிக்கல்கள். குற்றவாளியும் வேறு வேறு.

பழுப்பு நிறம் வேரின் புறத்தோலிலிருந்து வருகிறது. வெள்ளைப் பருத்திக்கும் வெளிர்நிறப் பட்டுக்கும் சாறு எடுப்பதானால், வேரை நறுக்குவதற்கு முன் தோலைச் சுரண்டிவிட வேண்டும், அல்லது வேரை விட்டுவிட்டு இலைச்சாற்றை நாட வேண்டும். இலைச்சாறும் சற்றுப் பச்சை தட்டும் என்பதால், எந்தத் துணியானாலும் முந்தானையின் உட்புற மடிப்பிலோ தையலின் உள்பக்கத்திலோ ஒரு சொட்டு வைத்து, காய்ந்த பின் பார்த்துவிட்டுத் தொடங்குவதே அறிவுடைமை. வடிகட்டிய சாற்றை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் வண்டலை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் எடுத்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். அலசுவதில் சிக்கனம் கூடாது. கடைசி நீர் கண்ணாடிக் குவளையில் நிறமின்றித் தெரியும் வரை அலச வேண்டும்.

கம்பளி சுருங்கினால் செடியைக் குறைசொல்ல முடியாது. வெந்நீரில் முக்கி, கையால் பிசைந்து, உடனே குளிர்ந்த நீரில் அலசினால் எந்தச் சோப்பிலும் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுகிவிடும். அம்மாவுக்காக வாங்கிய ஒரு சால்வையை, இயற்கைச் சாறுதானே என்ற துணிச்சலில் சூடாக முக்கியெடுத்து, மேசை விரிப்பளவுக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். கைபொறுக்கும் இளஞ்சூட்டில் சாற்றைக் கலந்து, துணியைப் பிசையாமல் அழுத்தி அழுத்தி எடுத்து, அலசும் நீரையும் அதே சூட்டில் வைத்துக்கொண்டால் சுருக்கம் வராது. பிழிவதற்குப் பதில் ஒரு துவாலையில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும்.

கறை விஷயத்தில் எதிர்பார்ப்பைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும். வியர்வைப் பிசுக்கு, தூசி, மெல்லிய எண்ணெய் ஆகியவற்றை இச்சாறு எடுக்கும்; குழம்பு சிந்திய மஞ்சள் கறையை எடுக்காது. மஞ்சளின் நிறப்பொருள் வெயிலில் சிதையும் என்பதால், துவைத்த துணியை ஈரத்துடன் நல்ல வெயிலில் போட்டால் மங்கிவிடும். அது கதிரவன் செய்யும் வேலை, பெயர் செடிக்குப் போகிறது. வெயில் தாங்காத பழைய பட்டாக இருந்தால் அந்த வழியும் கிடையாது.

பழந்துணி என்றதும் மேற்கு சசெக்ஸிலுள்ள அப்பார்க் மாளிகையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அம்மாளிகையின் பதினெட்டாம் நூற்றாண்டுத் திரைச்சீலைகள் தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டபோது, 1930களில் அங்கு வாழ்ந்த லேடி மீட்-ஃபெதர்ஸ்டன்ஹா இந்தச் செடியை வளர்த்து, அதன் சாற்றிலேயே அவற்றைக் கழுவி மீட்டெடுத்தார். சோப்புச்செடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ஆகவே பாட்டியின் கூறைப்புடவையையும் இதில் துவைக்கலாம் என்று முடிப்பார்கள். அதை நான் ஏற்பதில்லை. இன்று பழந்துணிகளைப் பேணும் வல்லுநர்கள், சேர்மானம் துல்லியமாகத் தெரிந்த செயற்கைத் துப்புரவுப் பொருள்களையே விரும்புகிறார்கள். செடிச்சாறு ஒவ்வொரு முறையும் ஒரே வலுவில் அமையாது, இழையில் எதை விட்டுச் செல்லும் என்றும் சொல்வதற்கில்லை. நாள்தோறும் உடுத்தும் பட்டுக்கும் கம்பளிக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஈடு செய்ய முடியாத துணியை உரியவரிடம் கொடுங்கள்.

தலைமுடி வறண்டது, கண் எரிகிறது, தும்மல் நிற்கவில்லை

தும்மலுக்குக் காரணம் வேர்ப்பொடி. சபோனின் உள்ள எந்த வேரையும் மிக்ஸியில் உலர்நிலையில் அரைத்தால், மூடியைத் திறந்த கணத்தில் எழும் தூள் மூக்கின் உட்சவ்வைத் தாக்கும். மிளகாய் வறுத்த வீடு போலாகிவிடும். அரைக்காமல் துண்டுகளாகவே ஊறவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கண்ணில் பட்டால் சீயக்காயைப் போலவே எரியும், சில நேரம் சற்றுக் கூடுதலாகவே. தூய நீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். எரிச்சல் தணியாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். குழந்தைகளின் தலைக்கு இதை நான் பயன்படுத்துவதில்லை. பெரியவர்கள் பயன்படுத்தும்போதும், முதல் முறை முழங்கையின் உள்மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

முடி வறள்வதற்குச் சாற்றின் வலுவே காரணம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கமுள்ள தலைக்கும் எண்ணெயே காணாத தலைக்கும் ஒரே அளவு பொருந்தாது. ஒரு பங்கு சாற்றுக்கு இரண்டு பங்கு நீர் என்று கலந்து, மண்டையில் மட்டும் தேய்த்து, நுனிமுடிக்கு வழிந்து இறங்குவதே போதும் என்று விட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாகும். வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

விதை முளைக்கவில்லை

குளிர்காலத்தைக் கடந்த பிறகே முளைக்க வேண்டும் என்பது இவ்விதையின் இயல்பு. இலையுதிர்காலத்தில் வெளியிலேயே தூவிவிட்டால் பனியும் குளிரும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். வசந்தத்தில் விதைப்பதானால், ஈர மணலில் கலந்து குளிர்பெட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, பிறகு மண்ணின் மேல் தூவி, மிக மெல்லிய படலமாக மட்டும் மண் தூவ வேண்டும். விரலளவு ஆழத்தில் புதைத்தால் வராது. உண்மையில் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. யாரிடமாவது இந்தச் செடி இருந்தால், மார்ச்சில், மண்ணுக்கடியில் கிடையாக ஓடும் மட்டநிலத்தண்டில் கணுவுள்ள ஒரு துண்டை வாங்கி நட்டுவிடலாம். எனக்கும் அப்படித்தான் வந்தது, ரொட்டிப் பையில் சுருட்டியபடி பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் கையிலிருந்து. “இதைப் பெற்றுக்கொண்டவர் யாரும் பிறகு என்னை வாழ்த்தியதில்லை” என்று சொல்லியே கொடுத்தார். காரணம் கீழே வருகிறது.

சமவெளி வெப்பத்தில் வளர்க்க முயல்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: குளிர்ந்த ஓய்வுக்காலம் வேண்டும் செடியை, அந்த ஓய்வு கிடைக்காத இடத்தில் வற்புறுத்துவதைவிட, நம் மண்ணிலேயே காய்க்கும் பூந்திக்கொட்டையை ஊறவைப்பது எளிது, நுரையும் அதிகம்.

தண்டுகள் சாய்ந்து விழுகின்றன

பூக்கும் நேரத்தில் செடி நடுவில் பிளந்து நாற்புறமும் படுத்துக்கொண்டால், நீங்கள் அதற்கு அளவுக்கு மேல் ஊட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். எருவிட்ட கொழுத்த மண்ணும், அரைநிழலும், ஓயாத நீரும் சேர்ந்தால் தண்டு நீண்டு மெலிந்துவிடும். நேர்வெயில் உள்ள, சற்று மெலிந்த, நீர் தங்காத இடத்துக்கு மாற்றுவதே நிலையான தீர்வு. அந்த ஆண்டுக்கு மட்டும் தீர்வு வேண்டுமானால், மே மாதக் கடைசியில் தண்டுகளின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் குறைத்துவிடலாம். லண்டன் செல்சி மலர்க்கண்காட்சி நடக்கும் வாரத்தில் செய்வதால் இதை இங்கே செல்சி வெட்டு என்பார்கள். பூப்பது இரண்டு வாரம் தள்ளிப்போகும், ஆனால் செடி குட்டையாகக் கிளைத்து நிமிர்ந்து நிற்கும். வெட்டிய தளிர்கள் நேரே கசாயப் பாத்திரத்துக்குப் போகலாம். அடுக்கிதழ் வகைகள் பூவின் எடையாலேயே சாயும் என்பதால் அவற்றுக்கு எப்படியும் முட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

வைத்த இடத்தில் நிற்காமல் எங்கும் கிளம்புகிறது

பெரியவர் சொன்னது இதைத்தான். வெண்மையும் செம்மையும் கலந்த மட்டநிலத்தண்டுகள் மண்ணுக்கடியில் நாலாபக்கமும் ஓடி, ஒவ்வொரு கணுவிலும் புதுத் தளிர் விடும். வட அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் துவைப்பதற்காகக் கொண்டுபோன செடி, இன்று அங்கே சாலையோரங்களிலும் தண்டவாள ஓரங்களிலும் களையாகப் பரவியிருக்கிறது.

ஏற்கெனவே பரவிவிட்ட பாத்தியில் மண்வெட்டியால் கொத்திக் கிளறுவதே நாம் செய்யும் முதல் பிழை. ஒரு தண்டை நான்காக வெட்டினால் நான்கு செடி. முட்கரண்டி போன்ற தோட்டக் கவையால் மண்ணை அடியிலிருந்து தளர்த்தி, தண்டைக் கையால் தொடர்ந்து உருவியெடுக்க வேண்டும். ஒரே முறையில் முடியாது. எஞ்சிய துண்டுகள் முளைவிடும் ஒவ்வொரு முறையும் உருவியபடி இரண்டு பருவம் தொடர வேண்டும். உருவியதை உரக்குழியில் போட்டால் அங்கேயும் தழைக்கும் என்பதால், நன்கு கழுவி நறுக்கி உலர்த்திச் சேமித்துக்கொள்ளலாம். களையெடுப்பே அறுவடையாகிவிடுவது இந்தச் செடியில் எனக்குப் பிடித்த ஒன்று. புதிதாக நடுகிறவர்கள் அடிப்பகுதி அறுத்த பெரிய வாளியை விளிம்பு இரண்டு அங்குலம் மேலே தெரியும்படி மண்ணில் பதித்து, அதற்குள் நடுவது நல்லது. விளிம்பை மண்மட்டத்துக்கே இறக்கினால் மேலேறித் தாண்டிவிடும். வாடிய பூக்களை விதையாகும் முன் கிள்ளிவிட வேண்டும்.

இலை மஞ்சளாகிறது, தண்டு அடியில் கறுக்கிறது

குளிர்காலத்தில் நீர் தேங்கிய மண்ணே பெரும்பாலும் காரணம். செடியை எடுத்து, கறுத்த வேர்களை நீக்கி, மணலோ சரளையோ கலந்த மேட்டுப் பாத்தியில் நட்டால் மீண்டுவிடும். இலைகளில் வட்ட வட்டமான பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. நோயுற்ற இலைகளை அகற்றி, நெருக்கத்தைக் கலைத்து, மாலையில் இலைமேல் நீர் தெளிப்பதை நிறுத்தினால் போதும். இளந்தளிர்களை நத்தைகள் தின்னும்.

அரிதாக வேறொன்றும் காணலாம். பூ விரிந்திருக்கும்; ஆனால் மகரந்தப் பைகளில் மகரந்தத்துக்குப் பதிலாகப் பூஞ்சையின் பொடி நிறைந்திருக்கும். இது மகரந்தப்பைக் கரிப்பூட்டை என்னும் நோய். பூவுக்கு வரும் பூச்சிகளே அதை அடுத்த செடிக்குக் கொண்டுசெல்லும், செடிக்குள் குடிபுகுந்த பூஞ்சையை வெளியேற்ற வழியில்லை. அந்தச் செடியை வேரோடு எடுத்துவிடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

பூத்திருக்கிறது, மணம் இல்லை

நீங்கள் பகலில் போய் முகர்ந்திருப்பீர்கள். இது அந்தியில் விரிந்து இரவில் மணக்கும் பூ. நீண்ட உறிஞ்சுகுழலுள்ள பருந்து விட்டில்களுக்காகவே அந்த மணமும் அந்த நீண்ட புல்லிக் குழாயும். எட்டு மணிக்கு மேல் மறுபடியும் போய்ப் பாருங்கள்.

உண்ணக்கூடியது என்று படித்துச் சேர்த்தேன், வயிறு கெட்டது

சிரியாவிலும் லெபனானிலும் கராபீஜ் என்னும் பிஸ்தா நிறைத்த பணியாரத்துடன் பரிமாறப்படும் நாதிஃப் என்ற வெண்ணுரைக் குழைவு, இவ்வகை வேரின் சாற்றைச் சர்க்கரைப் பாகுடன் அடித்துச் செய்யப்படுவது உண்மைதான். ஆனால் அந்தச் செய்முறையில் வேரின் சாற்றை மிகச் சிறிதளவே சேர்ப்பார்கள். அதைத் தலைமுறையாகச் செய்துவரும் கைகள் அவை. சபோனின் குடலின் உட்சவ்வை அரிக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். விதையிலோ சபோரின் என்னும் நச்சுப் புரதம் இருக்கிறது. அது செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்தும் வல்லமையுள்ளதால் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. ஆகவே சமையலறையில் பயன்படுத்தும் பாத்திரத்தில் இக்கசாயத்தை வைக்க வேண்டாம், குளிர்பெட்டியில் வைக்கும் புட்டியில் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஏற்கெனவே உட்கொண்டு உடல்நலம் கெட்டிருந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவரை அணுக வேண்டும்.

குளத்து மீன்கள் மேலே வந்து வாய் திறக்கின்றன

தோட்டத்தில் காணும் அறிகுறிகளில் அவசரம் என்று சொல்லத்தக்கது இது ஒன்றே. சபோனின் மீனின் செவுளில் பட்டால் அது மூச்சுவிட முடியாமல் தவிக்கும். நீரில் ஆக்சிஜன் இருந்தும் செவுளால் எடுக்க முடியாது. நம் கடலோரப் பகுதி இறால் பண்ணைகளில், தேயிலை விதைப் புண்ணாக்கைக் குளத்தில் கரைத்து வேண்டாத மீன்களைக் கொன்று இறாலை மட்டும் தப்பவிடுவதும் இதே சபோனினைக் கொண்டுதான். மற்றவர்களுக்குப் பயனாகிற அதே குணம், அலங்காரக் குளம் வைத்திருப்பவருக்குக் கேடாகிறது.

மீன்கள் நீர்ப்பரப்பில் திரண்டு வாய் திறந்தால், காரணத்தைத் தேடுவதற்கு முன் அவற்றைத் தூய நீருள்ள தொட்டிக்கு மாற்றிக் காற்றுக்குமிழ் விடும் பம்பை ஓடவிட வேண்டும். குழாய்நீரானால் குளோரின் நீக்கியதாக இருக்க வேண்டும். பிறகு குளத்து நீரில் பெரும்பகுதியை மாற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், துவைத்து அலசிய நீரைக் ‘இயற்கையான நீர்தானே’ என்று குளத்தோரச் செடிகளுக்கு ஊற்றியதில் ஆறு தங்கமீன்கள் ஒரே மாலையில் போயின. செடி கரையில் நின்றதற்காக மீன் சாவதில்லை. வேரை அங்கேயே தோண்டி நறுக்கும்போதும், அழுகிய தண்டுகள் நீருக்குள் விழுந்து ஊறும்போதும், அலசிய நீர் வழிந்து இறங்கும்போதும்தான் ஆபத்து. கரையில் ஏற்கெனவே இருப்பதை எடுக்க விரும்பினால், வறண்ட நாள் ஒன்றைத் தேர்ந்து, கவையால் தளர்த்தி, வேர் அறாமல் உருவி, கழுவுவதை வீட்டின் மறுபக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கழுவிய நீரைக் குளத்துக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் போகாதபடி புல்தரையில் பரவலாக ஊற்றிவிட வேண்டும்.